மீன் குடலில் குடியிருக்கும் பாக்டீரியா: வளர்ச்சிக்கும் நோய் எதிர்ப்புக்கும் அதைப் பராமரிப்பது எப்படி?

மீன் வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்குப் போய்விடுகிறது. போடுகிற தீவனத்தில் எவ்வளவு சதையாகிறது, எவ்வளவு குட்டையின் அடியில் சேறாகிறது என்ற கணக்கில் மீனின் குடலில் வாழும் பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரிப் பாசனத்தை ஒட்டிய காட்டுமன்னார்கோயில் குட்டைகளிலும், புவனகிரி, குறிஞ்சிப்பாடிப் பண்ணைகளிலும், புதுச்சேரியில் பாகூர் பக்கமும் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள் இப்போது புரோபயாட்டிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) டப்பாக்களுக்கு நிறையச் செலவு செய்கிறார்கள். அதில் கணிசமான பணம் வீணாகிறது. டப்பாவில் இருப்பது கெட்ட சரக்கு என்பதால் மட்டுமல்ல, தண்ணீரும் தீவனமும் சரியில்லாத இடத்தில் அதைக் கொட்டுவதால்தான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் புரோபயாட்டிக் ஐந்தாவது படியாகத்தான் வருகிறது. முதல் நான்கும் மீனுக்குள் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவைக் காப்பாற்றும் வேலை. அந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

குடலுக்குள் நடப்பது என்ன

முட்டையிலிருந்து வெளிவரும் மீன் குஞ்சின் குடல் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். வாய் திறந்து தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியதும், சுற்றியுள்ள தண்ணீர், முட்டை ஓட்டின் மேற்பரப்பு, முதல் இரை ஆகிய மூன்றிலிருந்தும் பாக்டீரியா உள்ளே போய்க் குடியேறுகிறது. ஆடு மாடுகளின் குடல் வெளியுலகிலிருந்து ஓரளவு மூடப்பட்ட அறை. மீனுக்கு அப்படியில்லை. அது மூச்சு விடுவதும் தின்பதும் கழிப்பதும் ஒரே தண்ணீரில். குட்டைத் தண்ணீரில் என்ன பெருகுகிறதோ அது ஒவ்வொரு வாயிலும் குடலுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

கெண்டை இனங்களுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் மிர்காலுக்கும் அமிலம் சுரக்கும் இரைப்பை கிடையாது. திலாப்பியாவின் இரைப்பையில் அமிலம் கடுமையாக இருக்கும். வாய்வழி வரும் பாக்டீரியாவில் பெரும்பகுதி அங்கேயே மடிந்துவிடும். கெண்டையில் அந்தக் காவல் இல்லை. நல்லதும் கெட்டதும் நேராகக் குடலுக்கு வந்து சேரும். கெட்டுப்போன தீவனம் கெண்டையை இவ்வளவு சீக்கிரம் பாதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே குடியேறியவை செய்கிற வேலைகளில் முதலாவது செரிமானம். தவிட்டிலும் புண்ணாக்கிலும் இருக்கும் நார்ச்சத்தை உடைக்க மீனின் சொந்த நொதிகள் போதாது. ரோகுவின் குடலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பேசில்லஸ் வகைகள் மாவுச்சத்து, புரதம், செல்லுலோஸ் ஆகியவற்றை உடைக்கும் நொதிகளைச் சுரப்பது ஆய்வகத்தில் உறுதியாகியிருக்கிறது. தவிட்டிலுள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் அடைபட்டிருக்கும். அதைத் திறக்கும் ஃபைட்டேஸ் நொதியைச் சில பாக்டீரியாக்கள் தருகின்றன. திறக்காத பாஸ்பரஸ் கழிவோடு வெளியேறித் தண்ணீரில் பாசியாகப் பெருகும்.

இரண்டாவது வேலை சத்து தயாரிப்பது. கெண்டை, திலாப்பியா போன்ற நன்னீர் மீன்களின் குடலில் செட்டோபாக்டீரியம் என்ற இனம் ஏராளமாக இருக்கும். அது வைட்டமின் பி12 தயாரிக்கிறது. இந்த மீன்களுக்குத் தீவனத்தில் பி12 சேர்க்க வேண்டிய தேவை இல்லாமல் போவதற்கு இதுதான் காரணம். நார்ச்சத்து நொதிக்கும்போது அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களும் உருவாகின்றன. பியூட்டிரேட்தான் குடல் சுவரின் செல்களுக்கு நேரடி எரிபொருள்.

மூன்றாவது வேலை பலர் கவனிக்காதது: குடலையே கட்டுவது. பாக்டீரியா ஒன்றுகூட இல்லாமல் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் குடல் சுவர் முதிராமல் நின்றுவிட்டது, கோழை சுரக்கும் செல்கள் குறைந்தன, புரதத்தை உறிஞ்சும் திறனும் கெட்டது. பாக்டீரியாவைத் திரும்பச் சேர்த்ததும் நிலைமை சீரானது. 2004-இல் தொடங்கி வந்த இந்த ஆய்வுகள்தான் மீனின் வளர்ச்சிக்குக் குடல் நுண்ணுயிர் எவ்வளவு அடிப்படையானது என்பதைக் காட்டின.

நோய் எதிர்ப்பும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. நம் குடலில் இருப்பதுபோல் நிணநீர்க் கட்டிகள் மீனின் குடலில் இல்லை. பாதுகாப்புச் செல்கள் குடல் சுவர் நெடுகச் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு முன்னால் கோழைப் படலம். அந்தக் கோழையில் லைசோசைம் நொதி, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்கள், குடலுக்கென்றே உள்ள எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் கலந்திருக்கும். நல்ல பாக்டீரியா அந்தப் படலத்தில் இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஏரோமோனாஸ், எட்வர்ட்சியெல்லா போன்ற நோய்க்கிருமிகள் ஒட்டிக்கொள்ள இடமும் கிடைக்காது, இரையும் கிடைக்காது. குடியிருப்பவை சிறிதாகச் சீண்டிக்கொண்டே இருப்பதால் பாதுகாப்புச் செல்களும் தயார் நிலையில் இருக்கும்.

ஏரோமோனாஸ் ஆரோக்கியமான மீனின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். அது இருப்பதே நோய் என்று எண்ண வேண்டாம். சமநிலை சாயும்போதுதான் அது குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போகிறது. வயிறு வீங்குவதும் செதில் தூக்குவதும் உடம்பில் சிவப்புப் புண் வருவதும் அதன்பிறகுதான்.

படி 1: ஒரு மீனை அறுத்துப் பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். தீவனம் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வீச்சு வலையில் மூன்று நான்கு மீன்களைப் பிடியுங்கள். ஒன்று நல்ல வளர்த்தியானது, இரண்டு பின்தங்கியவை என்று இருக்கட்டும். ஐஸ் தண்ணீரில் போட்டு அடங்கியதும், கூர்மையான சிறு கத்தரிக்கோலால் கழிவுத் துவாரத்திலிருந்து செவுள் வரை அடிவயிற்றை மேலோட்டமாக வெட்டுங்கள். கத்தரி முனை உள்ளே ஆழமாகப் போனால் குடல் கிழிந்து ஒன்றும் தெரியாது.

ரோகுவையும் மிர்காலையும் அறுத்தால் குடல் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு நீளமாக, சுருள் சுருளாக வெளியே வரும். ஒரு வெள்ளைத் தட்டில் மெதுவாக நீட்டி வைத்துப் பாருங்கள். நல்ல குடல் சற்று இறுக்கமாக இருக்கும், விரலால் தூக்கினால் அறுந்துபோகாது. உள்ளிருக்கும் தீவனம் முன்பகுதியில் குழைவாகவும் பின்பகுதிக்குப் போகப்போகக் கெட்டியாகவும் தெரியும். சுவர் காகிதம்போல் மெலிந்து உள்ளே இருப்பது கண்ணாடிபோல் தெரிந்தால், மஞ்சள் நீர் தேங்கியிருந்தால், சுவரில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தால், வாயு அடைத்து உப்பியிருந்தால் குடல் அழற்சி இருக்கிறது. பின்குடலில் தவிடு தவிடாகவே கிடந்தால் செரிமானம் நடக்கவில்லை. கல்லீரலையும் பாருங்கள்: செம்பழுப்பு நல்லது. வெளிறிய மஞ்சளாக, எண்ணெய் கசிந்தால் தீவனம் அதிகம் அல்லது கெட்டுப்போன கொழுப்பு.

நீள நீளமாக வெள்ளை நூல்போல் கழிவு மிதந்தால் அது பெரும்பாலும் உரிந்த கோழை. மீன் பட்டினி கிடந்தாலும் அப்படி வரும். குடல் புண்பட்டாலும் வரும். அறுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். பார்த்ததை தேதியோடு எழுதி வைத்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

படி 2: தண்ணீரும் அடிச்சேறும்

குடலுக்குப் போகும் பாக்டீரியாவின் கிடங்கு இதுதான். அறுவடைக்குப் பிறகு குட்டையை வெடிப்பு விடும்வரை காயவிடுங்கள். மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்புச் சேறு நாற்றமடித்தால் அதை வழித்து வரப்புக்குக் கொண்டுபோங்கள். ஏக்கருக்கு 80 முதல் 100 கிலோ சுண்ணாம்பு, அமிலத்தன்மையுள்ள மண்ணானால் அதற்கு மேலும். தண்ணீர் விட்ட பிறகு மக்கிய சாணம் போட்டுப் பச்சை நிறம் ஏற விடுங்கள். பச்சைக் கோழி எருவைத் தவிர்ப்பது நல்லது. கோழிப்பண்ணையில் பயன்படுத்திய மருந்துக்குப் பழகிய பாக்டீரியா அதோடு சேர்ந்து வரும். கோழிக்கழிவைத் தீவனமாகப் போடுவது இன்னும் மோசம். அதைச் செய்யவே கூடாது.

நாள்தோறும் பார்க்க வேண்டியது விடியற்காலை ஆக்சிஜன். 4 மி.கி./லிட்டருக்குக் கீழே அடிக்கடி போனால் மீன் தின்பதும் குறையும், குடலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறையும். தின்றது உள்ளே அழுகும். பிஎச் 7.5 முதல் 8.5 வரை இருக்கட்டும், காரத்தன்மை 100 மி.கி./லிட்டர் அளவில். நச்சு அம்மோனியா 0.05 மி.கி./லிட்டரைத் தாண்டினால் அன்று தீவனத்தை நிறுத்துங்கள். வெள்ளைத் தட்டைத் தண்ணீரில் இறக்கினால் 25 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் மறைய வேண்டும்.

இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கிருமி பயத்தில் அடிக்கடி பிளீச்சிங் பவுடரோ வேறு கிருமிநாசினியோ போடுகிறார்கள். எல்லாம் செத்த பிறகு அந்தத் தண்ணீரில் முதலில் பெருகுவது வேகமாக இனம் பெருக்கும் சந்தர்ப்பவாதக் கிருமிகள்தான். ஏரோமோனாஸும் விப்ரியோவும் அந்த ரகம். மெதுவாக வளரும் நல்ல கூட்டம் திரும்பி வர நாளாகும். போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி அன்றே குஞ்சு விட்டாலும் இதே கதை. புதுத் தண்ணீரைக் காற்றோட்டம் கொடுத்து ஒரு வாரமாவது முதிரவிடுங்கள். பழைய, நோயில்லாத குட்டையிலிருந்து பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் இன்னும் நல்லது.

படி 3: குஞ்சு விட்ட முதல் 15 நாட்கள்

ஏற்றி வருவதற்காகப் பட்டினி போட்டு, நெருக்கி அடைத்து, குலுங்கி வந்த குஞ்சின் குடலில் பழைய பாக்டீரியாக் கூட்டம் குலைந்திருக்கும். புதிதாக எது முதலில் நுழைகிறதோ அது இடத்தைப் பிடிக்கும். இந்த இரண்டு வாரத்தில் செய்யும் நல்லதுக்குப் பின்னாளில் செய்வதைவிட அதிகப் பலன்.

பையைக் குட்டைத் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து விடுங்கள். முதல் நாள் தீவனம் வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து உடல் எடையில் 5 சதவீதத்தை நான்கு வேளையாகப் பிரித்து, பொடித் தீவனத்தில் புரோபயாட்டிக் கலந்து கொடுங்கள். அளவு ஐந்தாம் படியில் இருக்கிறது.

படி 4: தீவனத்தைத் திருத்துங்கள்

விருத்தாசலம் வட்டாரத்தில் கடலை விளைவதால் கடலைப் புண்ணாக்கு இங்கே எளிதில் கிடைக்கிறது. ஆபத்தும் அதில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறிய புண்ணாக்கில் பச்சை மஞ்சள் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்லாடாக்சின் கல்லீரலைக் கெடுத்து, எதிர்ப்புத் திறனையும் குறைத்துவிடும். வேகவைத்தாலும் புளிக்கவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஒரு மூட்டையில் ஒரு மூலை பூஞ்சையாக இருந்தால் அந்த மூட்டையையே ஒதுக்குங்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் 15 நாளைக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

தவிடும் புண்ணாக்கும் போடுபவர்களுக்குச் செலவு குறைந்த, பலன் அதிகமான மாற்றம் புளிக்கவைப்பதுதான். அரிசித் தவிடு 5 கிலோ, பொடித்த கடலைப் புண்ணாக்கு 5 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் நாட்டு வெல்லத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஆறியதும் 10 கிராம் உலர் ஈஸ்டும் 200 மி.லி. புளித்த தயிரும் சேருங்கள். எல்லாவற்றையும் கலந்து, சுமார் 5 லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். கையில் அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் இறுக அமுக்கி நிழலில் 24 முதல் 36 மணி நேரம் வையுங்கள். வாயு வெளியேற மூடியைச் சற்றுத் தளர்த்தி விடுங்கள்.

திறக்கும்போது இட்லி மாவு புளித்ததுபோல் வாசனை வந்தால் சரி. பிஎச் தாள் இருந்தால் 4.5 பக்கம் காட்டும். அழுகிய முட்டை வாடையோ சாக்கடை வாடையோ வந்தால், மேலே கறுப்பாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் குப்பைக்குழியில் கொட்டுங்கள், குட்டையில் கொட்டாதீர்கள். பெரும்பாலும் தண்ணீர் கூடியதாலோ, டிரம் சரியாகக் கழுவாததாலோ, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியதாலோதான் கெடுகிறது. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். புளித்ததைத் துளையிட்ட பைகளில் கட்டித் தொங்கவிடுங்கள், அன்றே தீர வேண்டும். தயிர் பாக்டீரியா மீன் குடலிலேயே தங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதன் வேலை தீவனத்தைச் செரிமானத்துக்குத் தயாராக்குவது. அதை அது நன்றாகவே செய்யும்.

தீவனத்தைத் திடீரென்று மாற்றாதீர்கள். சோயாப் புண்ணாக்கை ஒரேயடியாக அதிகமாக்கினால் கெண்டையின் பின்குடலில் அழற்சி வரும், பழகச் சில வாரங்கள் ஆகும். பழையது முக்கால், புதியது கால் என்று தொடங்கி 8 முதல் 10 நாளில் முழுதாக மாற்றுங்கள்.

படி 5: புரோபயாட்டிக்கைத் தேர்ந்தெடுத்து, எண்ணி, பூசிக் கொடுப்பது

தேர்வில் பேசில்லஸ் வகைகளுக்கு முதலிடம் கொடுக்கலாம்: பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ். இவை கெட்டியான உறைக்குள் உறங்கும் வித்து நிலையில் இருப்பதால் கடலூர் வெயிலையும் கிடங்குச் சூட்டையும் தாங்கும். லாக்டோபேசில்லஸ் நல்லதுதான், ஆனால் சூட்டில் சீக்கிரம் சாகும். குளிர்பெட்டி வசதி இல்லாத பண்ணைக்கு அது வேண்டாம். டப்பாவில் இனத்தின் பெயர், ஒரு கிராமில் உயிருள்ள பாக்டீரியா எண்ணிக்கை, காலாவதி தேதி மூன்றும் இருக்க வேண்டும். "நல்ல நுண்ணுயிர்க் கலவை" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

எண்ணிக்கைக் கணக்கு இது. தீவனத்தின் ஒவ்வொரு கிராமிலும் குறைந்தது 1 கோடி பாக்டீரியா இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு 1,000 கோடி. டப்பாவில் கிராமுக்கு 200 கோடி என்று போட்டிருந்தால் கிலோ தீவனத்துக்கு 5 கிராம் வேண்டும்.

ஒரு ஏக்கர் குட்டையில் 3,000 குஞ்சு விட்டு 90 சதவீதம் பிழைத்து, சராசரி 250 கிராம் இருக்கிறது என்றால் மொத்த எடை 2,700 பெருக்கல் 0.25, அதாவது 675 கிலோ. அதில் 2.5 சதவீதம் சுமார் 17 கிலோ தீவனம். ஒரு நாளைக்கு 85 கிராம் புரோபயாட்டிக். கடைக்காரர் "ஏக்கருக்கு ஒரு டப்பா" என்று சொல்லும் கணக்கு மீனின் எடையையோ தீவன அளவையோ பார்ப்பதில்லை. அதனால்தான் ஒருவருக்குப் பலிப்பது இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

பூசுவதற்கு ஆறிய அரிசிக் கஞ்சி போதும். கிலோ தீவனத்துக்கு 40 முதல் 50 மி.லி. கஞ்சியில் அன்றைக்கு வேண்டிய பொடியைக் கட்டியில்லாமல் கரைத்து, 15 நிமிடம் ஊறவிடுங்கள். தார்ப்பாயில் பரப்பிய மிதவைத் தீவனத்தின் மேல் தெளித்துக்கொண்டே கையால் புரட்டுங்கள். எல்லா மணியும் லேசாகப் பளபளக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. மேலே கிலோவுக்கு 5 மி.லி. மீன் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவினால் தண்ணீரில் கரைந்து போவது குறையும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே போட்டுவிடுங்கள். சூடான கஞ்சியில் கலப்பது, வெயிலில் காயவைப்பது, ஒரு வாரத்துக்குச் சேர்த்துப் பூசி மூட்டை கட்டுவது ஆகிய மூன்றும் காசைக் கரியாக்கும் வழிகள். கடைசியது பூஞ்சையையும் வரவழைக்கும்.

எத்தனை நாள்? இந்த பாக்டீரியா பெரும்பாலும் குடலில் நிரந்தரமாகத் தங்காது. கொடுப்பதை நிறுத்தினால் சில நாள் முதல் சில வாரத்துக்குள் எண்ணிக்கை விழுந்துவிடும். எனவே மாதம் ஒரு நாள் "மருந்துபோல்" கொடுப்பதில் பயனில்லை. குஞ்சுப் பருவத்தில் தினமும். வளர்ந்த பிறகு பணம் இடித்தால் நாளுக்கு ஒரு வேளைத் தீவனத்தில் மட்டும் தொடருங்கள். மழைக்கு முன்னும், இழுவலை போட்டுத் தரம் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் இரு வேளையும் கொடுங்கள்.

தண்ணீருக்கும் விட வேண்டுமானால் ஏக்கருக்கு 10 கிலோ தவிடு, 1 கிலோ வெல்லம், 100 கிராம் பேசில்லஸ் பொடி, 40 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் காற்றுக் குழாய் விட்டு 24 மணி நேரம் ஊறவைத்து, வெயில் ஏறிய பிறகு காலை 8 முதல் 10 மணிக்குள் தெளியுங்கள். மாலையில் விடாதீர்கள். பெருகும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். இரவில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

ஈஸ்ட் சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் நேரடியாகப் பாதுகாப்புச் செல்களைத் தூண்டும். கிலோ தீவனத்துக்கு 1 கிராம், இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு அதே அளவு இடைவெளி. விடாமல் கொடுத்தால் தூண்டல் மழுங்கிவிடும். நொறுக்கிய பூண்டைப் புரோபயாட்டிக்கோடு ஒரே வேளையில் கலக்காதீர்கள். பூண்டு நல்ல பாக்டீரியாவையும் விட்டுவைக்காது.

படி 6: மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால்

தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பது நோய்க்கிருமியோடு குடியிருப்பையும் சேர்த்துக் காலி செய்வது. மருந்து முடிந்த சில நாளில் மீண்டும் சாவு வருவதற்கு, காலியான இடத்தில் மருந்துக்குப் பழகிய ஏரோமோனாஸ் முதலில் ஏறிக்கொள்வது ஒரு காரணம். குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை, தொடவே கூடாது. அனுமதியுள்ளதையும் ஆய்வகத்தில் கிருமியைப் பிரித்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்த்த பிறகே, மீன்நோய் தெரிந்தவர் எழுதிக் கொடுக்கும் அளவில், சொன்ன நாள் முழுதும் கொடுங்கள். பாதியில் நிறுத்துவது எல்லாவற்றையும்விடக் கேடு.

அந்த நாட்களில் புரோபயாட்டிக் கொடுத்தால் அதுவும் செத்துப்போகும். கடைசி வேளை மருந்துக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் விட்டு, வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு 10 முதல் 14 நாள் கொடுங்கள். தண்ணீரில் கிருமிநாசினி போட்டிருந்தாலும் இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். விற்பனைக்கு முன் விடவேண்டிய இடைவெளி நாட்களைக் கறாராகக் கடைப்பிடியுங்கள்.

நம் பருவத்துக்கு ஏற்ப

கடலூர், புதுச்சேரிக் கரையில் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை. ஒரே இரவில் தண்ணீர்ச் சூடு இறங்கி, மண் கலங்கி, பாசி சாய்ந்துவிடும். மீன் தின்பது குறையும்போது நாம் வழக்கம்போலத் தீவனம் போட்டால் மிச்சம் அழுகி, அந்த அழுகலில் வளர்ந்த கிருமி மறுநாள் குடலுக்குப் போகும். கனமழை நாளில் தீவனத்தைப் பாதியாக்குங்கள், புயல் நாளில் நிறுத்துங்கள். மழை விட்டதும் பிஎச் பார்த்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்து, மூன்று நாளில் படிப்படியாகத் தீவனத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அக்னி நட்சத்திரக் காலத்தில் தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டினால் நடுப்பகல் தீவனத்தை விட்டு, காலை ஒன்பதுக்குள்ளும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் கொடுங்கள்.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் கொடுவா வளர்ப்பவர்களுக்கு

கொடுவாவுக்கு இரைப்பை உண்டு, அமிலமும் உண்டு. அதைத் தாண்டிக் குடலுக்குப் போக வித்து நிலையிலுள்ள பேசில்லஸே ஏற்றது. உவர்நீரில் எதிரி பெரும்பாலும் விப்ரியோ. அது வருகிற வழி இரண்டு. குஞ்சுப் பருவத்தில் ஆர்டீமியா, ரோட்டிஃபர் போன்ற உயிர் இரை: பொரித்த தொட்டித் தண்ணீரோடு ஊற்றாமல், நுண்வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் அலசிவிட்டுக் கொடுங்கள். வளர்ந்த பிறகு கழிவு மீன்: கரையில் வெயில்பட்டு நொந்த மத்தியைப் போட்டால் குடல் கெடுவது உறுதி. ஐஸில் வந்ததை மட்டும் வாங்குங்கள், முடிந்தால் குஞ்சிலேயே மிதவைத் தீவனத்துக்குப் பழக்கிவிடுங்கள். ஆய்வகத்தில் விப்ரியோ எண்ணிக்கை பார்க்கும்போது கிருமி வளர்க்கும் தட்டில் தெரியும் மஞ்சள் புள்ளிகளையும் பச்சைப் புள்ளிகளையும் தனித்தனியாக எண்ணித் தரச் சொல்லுங்கள். பச்சை ஏறிக்கொண்டே போனால் தீவனத்தையும் அடிச்சேற்றையும் உடனே கவனிக்க வேண்டும்.

படி 7: பலன் இருக்கிறதா என்று அளப்பது

மீன் சுறுசுறுப்பாக இருக்கிறது என்பது அளவு ஆகாது. இரண்டு குட்டை இருந்தால் ஒன்றில் கொடுத்து ஒன்றில் கொடுக்காமல், குஞ்சு, தீவனம், அடர்த்தி எல்லாம் ஒன்றாக வைத்து 60 நாள் பாருங்கள். ஒரே குட்டைதான் என்றால் இரண்டு ஹாப்பா வலைகளில் (குட்டைக்குள் கட்டும் வலைக் கூண்டு) தலா 50 குஞ்சு போதும். 15 நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு இனத்திலும் குறைந்தது 30 மீனை எடை போடுங்கள். ஐந்தாறு மீனை வைத்துச் சராசரி சொன்னால் ஏமாந்துவிடுவீர்கள்.

தீவன மாற்று விகிதம் என்பது போட்ட தீவனத்தைக் கூடிய எடையால் வகுப்பது. மேலே சொன்ன குட்டையில் 60 நாளில் 1,000 கிலோ தீவனம் போய், சராசரி 250-லிருந்து 430 கிராம் ஆகியிருந்தால் கூடிய எடை 2,700 பெருக்கல் 0.18, அதாவது 486 கிலோ. விகிதம் 2.06. புரோபயாட்டிக் கொடுத்த குட்டையில் இது 1.85 ஆக இறங்கினால் அதே 486 கிலோ எடைக்கு 100 கிலோ தீவனம் மிச்சம். அந்த 100 கிலோவின் விலையை 60 நாளில் வாங்கிய புரோபயாட்டிக்கின் விலையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செத்த மீன் எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மழைக்காலத்தில் லாபம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். விகிதம் இறங்கவே இல்லை என்றால் டப்பாவை மாற்றுவதற்கு முன் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய், விடியற்காலை ஐந்து மணி ஆக்சிஜனை ஒரு வாரம் தொடர்ந்து எழுதிப் பாருங்கள்.